கூட வேலை பார்க்கறவங்க கேலண்டர் போன்ல தெரிய மாட்டேங்குதா? ஒண்ணுல இருந்து ஆரம்பிப்போம்

லேப்டாப்ல பார்த்தா அவங்க மீட்டிங் எல்லாம் வரிசையா நிக்குது, அதே அக்கவுண்ட்டை போன்ல திறந்தா நம்ம மீட்டிங் மட்டும்தான் இருக்கு, அவங்களோடது ஒண்ணுமே இல்ல. இதுக்காக ஆப்பை அழிச்சு மறுபடி போட்டு, போனை ரீஸ்டார்ட் பண்ணி, கடைசியில ஐடி டீமுக்கு டிக்கெட் போட்டு காத்துக்கிட்டு இருக்கிறவங்களை நான் நிறைய பார்த்திருக்கேன், நானும் அப்படி இருந்தவன்தான். பெரும்பாலும் தப்பு போன்ல இருக்காது. ஷேர் பண்ணினவங்க பக்கம் ஒரு பூட்டு, நம்ம அக்கவுண்ட்ல ஒரு பூட்டு, போன்ல ஒரு பூட்டு, இப்படி மூணு இருக்கு. நாம எல்லாரும் நேரா மூணாவதுக்கு ஓடிப் போய் அதையே ஆட்டிக்கிட்டு இருப்போம்.

அதனால இந்த வரிசையிலயே போங்க. ஒரு விஷயம், பட்டன் பேரெல்லாம் ஆங்கில மெனுல இருக்கிற மாதிரியே தமிழ் எழுத்துல எழுதியிருக்கேன். உங்க போன் தமிழ் மெனுல இருந்தா வார்த்தை மாறும், ஐகான் மாறாது.

முதல் பூட்டு: அவங்க என்ன குடுத்திருக்காங்க, எந்த முகவரிக்கு குடுத்திருக்காங்க

"ஷேர் பண்ணிட்டேனே"ன்னு அவங்க சொன்னா உடனே நம்பிடாதீங்க, ரெண்டு கேள்வி கேளுங்க. எந்த மெயில் ஐடிக்கு ஷேர் பண்ணீங்க? எந்த அளவு பெர்மிஷன் குடுத்தீங்க?

மெயில் ஐடி ஏன் கேக்கணும்னா, அவங்க உங்க ஆபீஸ் ஐடிக்கு ஷேர் பண்ணியிருப்பாங்க, உங்க போன் கேலண்டர் ஆப்ல இருக்கிறது உங்க சொந்த ஜிமெயில் மட்டும்தான். அப்புறம் எப்படி வரும்? ஆப்ல மேல வலது ஓரத்துல உங்க போட்டோவைத் தொட்டு எந்தெந்த அக்கவுண்ட் இருக்குன்னு பாருங்க. ஆபீஸ் அக்கவுண்ட் இல்லன்னா முதல்ல அதைச் சேருங்க, பாதிப் பேருக்கு கதை இங்கயே முடிஞ்சிரும்.

பெர்மிஷன் விஷயம் கொஞ்சம் பெருசு. கூகுள் கேலண்டர்ல நாலு படி இருக்கு. பிஸியா ஃப்ரீயான்னு மட்டும் தெரியறது, எல்லா விவரமும் தெரியறது, மாத்தவும் முடியறது, அதோட சேர்த்து அடுத்தவங்களுக்கு ஷேர் பண்ணவும் முடியறது. அவுட்லுக்ல பிஸியா இருக்கிறது மட்டும், தலைப்பும் இடமும், எல்லா விவரமும், எடிட், அப்புறம் டெலிகேட், அதாவது அவங்க சார்பா மீட்டிங்கைக் கையாளற உரிமை. இந்த டெலிகேட் ஒரே நிறுவனத்துக்குள்ள மட்டும்தான், வெளி ஆளுக்கு குடுக்க முடியாது.

முதல் படி மட்டும் கிடைச்சிருந்தா போன்ல வெறும் "பிஸி"ன்னு ஒரு கட்டம் தெரியும், யாரோட மீட்டிங், எங்கன்னு ஒண்ணும் தெரியாது. அது கோளாறு இல்ல, அவ்வளவுதான் குடுத்திருக்காங்க. எல்லா விவரமும் குடுத்திருந்தாலும் ப்ரைவேட்னு குறிச்ச மீட்டிங் மட்டும் மூடியேதான் இருக்கும்.

இந்த ஃப்ரீ பிஸி சமாச்சாரத்துல நான் ஒரு தடவை நல்லா மாட்டினேன். கூட வேலை பார்த்த அக்கா ஒருத்தங்க மூணு நாள் லீவு, கேலண்டர்லயும் போட்டுட்டாங்க. நான் போன்ல அவங்க கேலண்டரைத் திறந்தா அந்த மூணு நாளும் பளிச்சுன்னு காலியா இருக்கு, ஆஹா நல்ல நேரம்னு ரெண்டாவது நாள் காலையிலயே க்ளையன்ட் காலை போட்டுட்டேன். அவங்க ரயில்ல இருந்து போன் பண்ணி "தம்பி, கேலண்டரைப் பார்க்கவே மாட்டியா?"ன்னாங்க. பார்த்துட்டுதான் போட்டேன்! என்ன நடந்ததுன்னா, அவங்க லீவை "ஆல் டே" ஈவென்ட்டா போட்டிருந்தாங்க, முழு நாள் ஈவென்ட் போட்டா கூகுள்லயும் சரி அவுட்லுக்லயும் சரி அது தானாவே "ஃப்ரீ"ன்னுதான் சேவ் ஆகும், நாமதான் பிஸின்னு மாத்தணும். எனக்கு இருந்தது ஃப்ரீ பிஸி பெர்மிஷன் மட்டும், ஃப்ரீன்னு குறிச்ச ஈவென்ட் அதுல கண்ணுக்கே தெரியாது. அதுக்கப்புறம் எங்க டீம்ல எல்லாரும் லீவுக்கு, ஃப்ரீன்னு காட்டாத "அவுட் ஆஃப் ஆபீஸ்" போடறோம்.

ரெண்டாவது பூட்டு: அவங்க ஷேர் பண்ணினதை நாம ஏத்துக்கணும்

கூகுள்ல ஒருத்தர் ஷேர் பண்ணினா உங்களுக்கு ஒரு மெயில் வரும், அதுல கேலண்டரைச் சேர்க்கச் சொல்லி ஒரு லிங்க் இருக்கும். அதைத் தொட்டாதான் அது உங்க லிஸ்ட்ல ஏறும். மெயிலைப் படிச்சிட்டு "சரி"ன்னு மூடிட்டா ஒண்ணும் ஆகாது. அவுட்லுக்ல அதே மாதிரி மெயில்ல "அக்செப்ட்" பட்டன் இருக்கும், அதைத் தட்டணும். ஸ்பாம், ப்ரமோஷன்ஸ் எல்லாத்தையும் ஒரு தடவை தேடிப் பாருங்க.

மெயில் காணோம்னா கவலை வேணாம், கையாலயே சேர்த்துக்கலாம். கூகுளுக்கு ஒரு மாதிரி, அவுட்லுக்குக்கு வேற மாதிரி.

கூகுள் கேலண்டர், லேப்டாப் இல்லாம போன்லயே

இந்த வேலையை ப்ரௌசர்ல ஒரு தடவை பண்ணிட்டா போதும், அப்புறம் ஆப்ல தானா வந்துரும். லேப்டாப் பக்கத்துல இருந்தா அதுலயே பண்ணுங்க, ரெண்டு நிமிஷம். இல்லன்னா போன்ல இப்படி:

1. ஆண்ட்ராய்டுல குரோமைத் திறந்து அட்ரஸ் பார்ல கேலண்டர் டாட் கூகுள் டாட் காம்னு கையாலயே டைப் பண்ணுங்க. எங்கயோ இருக்கிற லிங்க்கைத் தொட்டா அது நேரா ஆப்புக்குத் தாவிடும், நமக்கு ஆப் வேணாம் இப்போ.

2. குரோம்ல மூணு புள்ளி மெனுல "டெஸ்க்டாப் சைட்"டை டிக் பண்ணுங்க. ஐபோன் சஃபாரில இதுக்கு "ரிக்வெஸ்ட் டெஸ்க்டாப் வெப்சைட்"னு பேரு. எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஆயிடும், போனைப் படுக்கப் போட்டுக்கிட்டு ரெண்டு விரலால பெருசாக்கிக்கோங்க.

3. எந்த அக்கவுண்ட்ல இருக்கீங்கன்னு மேல பாருங்க. ஆபீஸ் அக்கவுண்ட்தானே? சரி.

4. இடது பக்கம் "அதர் கேலண்டர்ஸ்"னு ஒரு தலைப்பு, பக்கத்துல ஒரு ப்ளஸ். அதைத் தொட்டு "சப்ஸ்க்ரைப் டு கேலண்டர்" எடுங்க, அவங்க மெயில் ஐடியை முழுசா அடிங்க. ஒரே நிறுவனம்னா பேரோட முதல் மூணு எழுத்துக்கே ஆளைக் காட்டிடும். அவங்க இன்னும் ஷேரே பண்ணலன்னா அனுமதி கேக்கவான்னு ஒரு பெட்டி வரும், கேளுங்க, அவங்களுக்கு மெயில் போகும்.

5. இப்போ கூகுள் கேலண்டர் ஆப்பைத் திறங்க. மேல இடது பக்கம் மூணு கோடு. கீழ வரைக்கும் தள்ளிக்கிட்டே போனா ஒவ்வொரு அக்கவுண்ட்டுக்கு அடியிலயும் கேலண்டர் பேருங்க கலர் கட்டத்தோட இருக்கும். அவங்க பேருக்கு நேரா இருக்கிற கட்டம் காலியா இருந்தா தொடுங்க, கலர் நிரம்பினா காட்டுதுன்னு அர்த்தம்.

பேரே லிஸ்ட்ல இல்லன்னா அது மூணாவது பூட்டு, கீழ வர்றேன்.

ஐபோன்ல கூகுள் ஆப் இல்லாம ஆப்பிளோட சொந்த கேலண்டர் ஆப்லயே எல்லாத்தையும் பார்க்கறவங்க இருக்காங்க, அவங்களுக்குன்னு ஒரு ஒளிஞ்சிருக்கிற பக்கம் இருக்கு. கூகுள் அக்கவுண்ட்டை ஐபோன் செட்டிங்ஸ்ல சேர்த்தா உங்க சொந்த கேலண்டர் வந்துரும், ஆனா அடுத்தவங்க ஷேர் பண்ணினது வராது. ப்ரௌசர்ல கேலண்டர் டாட் கூகுள் டாட் காம், அதுக்குப் பின்னாடி ஒரு ஸ்லாஷ் போட்டு கேலண்டர், இன்னொரு ஸ்லாஷ் போட்டு சிங்க்செலக்ட்னு அடிச்சா (எல்லாமே ஆங்கில எழுத்துல, நடுவுல இடம் விடாம: calendar.google.com/calendar/syncselect) ஒரு டிக் பக்கம் வரும், அதுல அவங்க கேலண்டரை டிக் பண்ணி சேவ் குடுங்க. அப்புறம் ஆப்பிள் கேலண்டர்ல கீழ "கேலண்டர்ஸ்"னு இருக்கிறதைத் தொட்டு, அந்த லிஸ்ட்டைக் கீழ இழுத்து விட்டா ரிஃப்ரெஷ் ஆகி பேரு வந்து நிக்கும். இந்த ஒரு பக்கம் தெரியாம வருஷக்கணக்கா ரெண்டு ஆப் வச்சுக்கிட்டு இருந்த ஆளுங்க உண்டு.

அவுட்லுக்

இதுல ப்ரௌசர் வித்தையே வேணாம், ஆப்லயே முடியும். ஆனா அவுட்லுக் ஆப்தான் இருக்கணும். போனோட வந்த கேலண்டர்ல ஆபீஸ் அக்கவுண்ட்டைச் சேர்த்து வச்சுக்கிட்டு "ஷேர் பண்ணினது வரல"ன்னு தேடினா பல இடத்துல வராது, அந்தப் பக்கம் மெனக்கெடாதீங்க.

1. அவுட்லுக் ஆப்ல கீழ கேலண்டர் டேப்.

2. மேல இடது ஓரத்துல இருக்கிற ஐகானைத் தொட்டா பக்கவாட்டுல கேலண்டர் லிஸ்ட் திறக்கும்.

3. அங்க ப்ளஸ் போட்ட ஐகான் ஒண்ணு இருக்கும். அதுல "ஆட் ஷேர்ட் கேலண்டர்ஸ்".

4. பேரையோ மெயில் ஐடியையோ தேடி, பக்கத்துல இருக்கிற ப்ளஸ்ஸைத் தொடுங்க. ஒரே பேர்ல நாலு பேர் இருக்கிற பெரிய கம்பெனின்னா மெயில் ஐடியாலயே தேடுங்க, வேற டிபார்ட்மென்ட் ஆளோட கேலண்டரை சேர்த்துக்கிட்டு ஒரு வாரம் பார்த்துக்கிட்டு இருந்த கதையும் எனக்குத் தெரியும்.

5. லிஸ்ட்ல அவங்க பேருக்கு முன்னாடி டிக் இருக்கான்னு பாருங்க.

நீங்க உங்க கேலண்டரை அவங்களுக்குக் காட்டணும்னா அதே லிஸ்ட்ல உங்க கேலண்டருக்குப் பக்கத்துல பல்சக்கரம் இருக்கும், அதுல "ஆட் பீப்பிள்" போட்டு பெர்மிஷன் தேர்ந்தெடுக்கலாம். எதிர்ல இருக்கிறவங்களுக்கு லேப்டாப் கைவசம் இல்லன்னா இந்த வழியைச் சொல்லிக் குடுங்க, போன்லயே முடிச்சிருவாங்க.

பழைய டெஸ்க்டாப் அவுட்லுக்ல எப்பவோ சேர்த்த கேலண்டர் சிலது போனுக்கு வரவே வராது. அங்க அதை எடுத்துட்டு, போன்லயோ அவுட்லுக் வெப்லயோ புதுசா சேருங்க, இல்லன்னா அவங்களையே ஷேரை ஒரு தடவை எடுத்துட்டுத் திரும்ப அனுப்பச் சொல்லுங்க. அந்தப் புது மெயில்ல "அக்செப்ட்" தட்டினதும் போனுக்கும் வந்துரும்.

மூணாவது பூட்டு: இப்போதான் போன்

லிஸ்ட்ல பேரே இல்லையா? ஆண்ட்ராய்டு கூகுள் கேலண்டர்ல மூணு கோடு, செட்டிங்ஸ், அங்க உங்க ஆபீஸ் அக்கவுண்ட்டுக்கு அடியில பாருங்க. "ஷோ மோர்"னு ஒண்ணு சுருண்டு கிடக்கும், அதை விரிச்சா அவங்க கேலண்டர் உள்ள இருக்கும். தொட்டு உள்ள போனா "சிங்க்"னு, அதாவது சர்வர்ல இருக்கிறதை போனுக்குக் கொண்டு வர்ற ஒரு சுவிட்ச் ஆஃப்ல இருக்கும். அதை ஆன் பண்ணுங்க. ஷேர் பண்ணினது சரி, ஏத்துக்கிட்டதும் சரி, இந்த சுவிட்ச் மட்டும் ஆஃப்ல இருந்து ஆளைச் சுத்த விட்ட கேஸ் நிறைய.

அதுவும் ஆன்ல இருந்தும் வரலன்னா, போன் செட்டிங்ஸ்ல அக்கவுண்ட்ஸ், அதுல ஆபீஸ் கூகுள் அக்கவுண்ட், அக்கவுண்ட் சிங்க்ல கேலண்டர் ஆன்ல இருக்கான்னு பாருங்க. பேட்டரி சேவர் போட்டு வச்சிருந்தா பின்னாடி சிங்க் ஆகாம தூங்கும், நேத்து கேன்சலான மீட்டிங் இன்னைக்கும் தெரியறது பெரும்பாலும் இதனாலதான். ஐபோன்ல "பேக்கிரவுண்ட் ஆப் ரிஃப்ரெஷ்" பாருங்க. அவுட்லுக்ல செட்டிங்ஸ் உள்ள உங்க அக்கவுண்ட்டைத் தொட்டா "ரீசெட் அக்கவுண்ட்"னு ஒண்ணு இருக்கு, அது மெயிலை அழிக்காது, சர்வர்ல இருந்து திரும்ப எல்லாத்தையும் இறக்கும், ஆப்பை அன்இன்ஸ்டால் பண்றதுக்கு முன்னாடி இதைப் பண்ணிப் பாருங்க.

ஆண்ட்ராய்டுல ஆபீஸ் ஆப்ஸ் எல்லாம் ஒரு குட்டி ப்ரீஃப்கேஸ் படத்தோட தனியா இருக்கா? அது வொர்க் ப்ரொஃபைல். ஒரே பேர்ல ரெண்டு கேலண்டர் ஆப் இருக்கும், படம் போட்டது ஆபீஸோடது, சாதாரணமானது உங்களோடது. சாதாரண ஆப்ல ஆபீஸ் கேலண்டரைத் தேடி எத்தனை தட்டு தட்டினாலும் பெரும்பாலும் கிடைக்காது, ரெண்டுக்கும் நடுவுல சுவர். ப்ரீஃப்கேஸ் போட்டதைத் திறங்க.

வெளி நிறுவனத்து ஆளோட கேலண்டர்னா இன்னொரு தடை உண்டு, அவங்க அட்மின் வெளியாளுக்கு ஃப்ரீ பிஸி மட்டும் போதும்னு பூட்டி வச்சிருக்கலாம், இல்ல ஒண்ணுமே குடுக்காம இருக்கலாம். அதுக்கு போன்ல மருந்து கிடையாது, அவங்க ஐடி டீம்தான்.

நாம கூகுள், அவங்க அவுட்லுக்னா?

இதுதான் இருக்கிறதுலயே இழுபறி. அவங்க அவுட்லுக் வெப்ல செட்டிங்ஸ், கேலண்டர், ஷேர்ட் கேலண்டர்ஸ்ல போய் "பப்ளிஷ் எ கேலண்டர்" பண்ணினா ஐசிஎஸ் லிங்க் ஒண்ணு கிடைக்கும். ஐகேலண்டர்னு 1998ல வந்த ஒரு பொது ஃபார்மட் இது, 2009ல புதுப்பிச்சாங்க, கூகுள், ஆப்பிள், அவுட்லுக் மூணுமே படிக்கும். கூகுள்ல அதே டெஸ்க்டாப் சைட் வித்தையில "அதர் கேலண்டர்ஸ்" ப்ளஸ், "ஃப்ரம் யூஆர்எல்"ல ஒட்டணும். ஐபோன்ல கேலண்டர் ஆப், கேலண்டர்ஸ், "ஆட் கேலண்டர்", "ஆட் சப்ஸ்க்ரிப்ஷன் கேலண்டர்"ல ஒட்டலாம்.

ரெண்டு குறை தெரிஞ்சுக்கோங்க. ஒண்ணு, உடனுக்குடன் மாறாது, கூகுள் பக்கம் 12 மணி நேரம் கூட ஆகலாம், அதனால "இன்னைக்கு மத்தியானம் ஃப்ரீயா?"ன்னு பார்க்க இதை நம்பக்கூடாது, அடுத்த வாரத்துக்கு ஓகே. ரெண்டாவது, அந்த லிங்க் யார் கையில கிடைச்சாலும் பார்க்கலாம், பாஸ்வேர்டு எதுவும் கேக்காது. க்ரூப் சாட்ல போட்டுட்டு மறந்துடாதீங்க. கூகுள்லயும் இதே மாதிரி ஒரு ரகசிய ஐசிஎஸ் முகவரி இருக்கு, அது வெளிய போயிட்டா ரீசெட் பண்ணலாம்.

நேரம் மட்டும் தெரிஞ்சா போதும்னா

இவ்வளவு பண்ணத் தேவையே இல்ல. ஒரே நிறுவனமா இருந்தா பெரும்பாலும் ஃப்ரீ பிஸி எல்லாருக்கும் தானாவே திறந்துதான் இருக்கும். கூகுள் ஆப்ல புது ஈவென்ட் போட்டு அவங்களை கெஸ்ட்டா சேர்த்தா "வியூ ஷெட்யூல்ஸ்"னு வரும், அவங்க நாளும் உங்க நாளும் பக்கத்துல பக்கத்துல நிக்கும். பார்த்துட்டு சேவ் பண்ணாம வெளிய வந்துருங்க. அவுட்லுக்லயும் ஆளைச் சேர்த்துட்டு நேரத்தைத் தொட்டா இதே மாதிரி தெரியும். நான் இப்போ பாதிப் பேரோட கேலண்டரை சேர்த்தே வச்சுக்கறது இல்ல, இதுலயே ஓட்டறேன், ஏன்னா ஏழு பேர் கேலண்டரை ஆன்ல வச்சா போன் திரைல கோலம் போட்ட மாதிரி ஆயிடும், நம்ம மீட்டிங்கையே தேட வேண்டியிருக்கும்.

நேரம் ஒரு மணி ரெண்டு மணி தள்ளித் தெரிஞ்சா டைம் சோன் பாருங்க. கூகுள் ஆப் செட்டிங்ஸ் ஜெனரல்ல "யூஸ் டிவைஸ் டைம் சோன்" ஆன்ல இருந்தா நீங்க இருக்கிற இடத்து நேரத்துல காட்டும். வேற நாட்டுல இருக்கிறவங்க காலை 9 மணி மீட்டிங் உங்களுக்கு மதியமா தெரிஞ்சா அது சரியாத்தான் காட்டுது.

கடைசியா ஒண்ணு, எடிட் பெர்மிஷன் கேக்காதீங்க, அவங்களாவே குடுத்தாலும் பார்க்க மட்டும் போதும்னு சொல்லிடுங்க. போன்ல விரல் கொஞ்ச நேரம் அழுத்தி நின்னாலே கூகுள் ஆப்ல மீட்டிங் கையோட வந்துரும், அப்படியே பஸ் ஒரு குலுக்கு குலுக்கினா 10 மணி மீட்டிங் 11:30க்குப் போய் உக்காரும், அது உங்க போன்ல மட்டும் இல்ல, அவங்க கேலண்டர்லயே. அழிச்சாலும் அங்கயும் அழியும். டீம் மாறிட்டா கேலண்டரை எடுக்கும்போதும் "அன்சப்ஸ்க்ரைப்" மட்டும் குடுங்க, "டெலீட்"னு எங்க பார்த்தாலும் கை வைக்காதீங்க. புது மீட்டிங் போடறப்ப சேவுக்கு முன்னாடி எந்த கேலண்டர்ல விழுதுன்னு ஒரு பார்வை பார்த்துக்கோங்க, உங்க டென்டிஸ்ட் அப்பாயின்ட்மென்ட் மேனேஜர் கேலண்டர்ல போய் உக்காந்தா அவர் ரிமைண்டர் அடிச்சு கிளம்பிடப் போறாரு.